சூடில்லாமல் ஒட்டும் திரவ டோனர்: சென்னை வெக்கையில் செய்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

லேசர் பிரின்டரை யுபிஎஸ்-ஸில் மாட்டாதே என்று எல்லா ஜெராக்ஸ் கடைக்காரர்களும் சொல்வார்கள். காரணம் ஃப்யூசர். காகிதத்தின் மேல் தூவப்பட்ட டோனர் பொடியை உருக்கி ஒட்டவைக்கும் அந்த உருளை 150 முதல் 200 டிகிரி வரை சூடாக வேண்டும். மெஷின் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. மின்னூட்டத்தால் படத்தை உருவாக்குவதற்குச் செலவாகும் சக்தி ரொம்பக் கொஞ்சம். அச்சு அழியாமல் நிற்பதற்குத்தான் இவ்வளவு சூடும்.

அந்தச் சூடே இல்லாமல் அச்சை நிற்கவைக்க ஒரு பழைய வழி உண்டு: திரவ டோனர். மிக நுண்ணிய நிறமித் துகள்களை மின்சாரம் கடத்தாத எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் மிதக்கவிட்டு, துகளைச் சுற்றி ரெசின் பூசி, அந்த ரெசினே அறை வெப்பநிலையில் காய்ந்து ஒட்டும்படி செய்வது. இதை வீட்டு மேசையில் சிறிய அளவில் செய்து பார்க்க முடியும். கிண்டியில் அச்சுத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள், பள்ளி அறிவியல் ஆசிரியர்கள், பழைய அச்சு முறைகளில் ஆர்வமுள்ளவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இதைச் செய்பவர்கள் எல்லோரும் “ஈரக் காற்றில் எப்படிக் காயும்?” என்றுதான் கவலைப்படுகிறார்கள். காய்வதில் இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. மின்னூட்டத்தை நிறுத்திவைப்பதுதான் கஷ்டம். கீழே சொல்லும் பல விஷயங்கள் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

கொஞ்சம் வரலாறு

செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் எடுத்த முதல் மின்னூட்ட நகல் உலர்பொடியால் ஆனது. 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914-உம் பொடி மெஷின்தான். திரவ டோனர் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. 1950-களின் தொடக்கத்தில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் கென் மெட்காஃப், பாப் ரைட் இருவரும் நிறமியை மின்கடத்தாத ஹைட்ரோகார்பன் திரவத்தில் கலந்து, மின்னூட்டப் படத்தை அதில் முக்கினால் படம் தெரிகிறது என்று கண்டார்கள். அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் 1954-இல் அறிவித்த எலக்ட்ரோஃபேக்ஸ் முறையில் துத்தநாக ஆக்சைடு பூசிய காகிதம் வந்தது. அதற்குத் திரவ டோனர் நன்றாகப் பொருந்தியது. 1970-களில் ரிக்கோ தயாரித்து ‘சாவின்’ (Savin) என்ற நிறுவனத்தின் பெயரில் விற்ற காப்பியர்களும் திரவ டோனர்தான். பொறியியல் வரைபடங்களுக்கு வந்த வெர்சாடெக் ப்ளாட்டர்கள் சிறப்புக் காகிதத்தில் ஊசிமுனைகளால் நேரடியாக மின்னூட்டம் எழுதி, திரவ டோனரால் படத்தை எழுப்பி, காற்றிலேயே காயவிட்டன.

இன்று திரவ டோனர் என்றாலே ஹெச்பி இண்டிகோவைத்தான் சொல்கிறார்கள். 1993-இல் வந்த அந்த அருமையான தொழில்நுட்பம் நம் கதையில் சேராது. அதில் ரப்பர் போர்வை சூடாக்கப்பட்டு, மை அங்கேயே உருகிப் படலமாகித்தான் காகிதத்துக்குப் போகிறது. நாம் பேசுவது சூடே படாத டோனர்.

சூடில்லாமல் எப்படி ஒட்டுகிறது?

மூன்று வழிகள் ஒன்றாக வேலை செய்கின்றன. முதலாவது உறிஞ்சுதல்: காகிதம் திரவத்தைக் குடித்துவிடும், துகள்கள் நார்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும். இரண்டாவது படலமாதல்: துகளைச் சுற்றியுள்ள ரெசின் திரவத்தில் ஊறி மென்மையாக இருக்கும்; திரவம் ஆவியாகும்போது பக்கத்துத் துகள்களின் ரெசினோடு கலந்து ஒரே படலமாகிவிடும். மூன்றாவது ஆக்சிஜனேற்றம்: ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த அல்கைட் ரெசினாக இருந்தால், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு நாளில் இறுகும். எனாமல் பெயின்ட் காய்வது இப்படித்தான்.

இரண்டாவது வழியில்தான் நுணுக்கம் இருக்கிறது. ரெசின் திரவத்தில் முழுதாகக் கரைந்துவிட்டால் துகளை விட்டுப் பிரிந்துபோகும். தாள் முழுக்கப் பிசுபிசுப்பாகும், துகள் ஒட்டாது. கொஞ்சமும் ஊறாவிட்டால், காய்ந்தபின் துகள்கள் உதிரும் பொடியாகவே நிற்கும். ஊறணும், கரையக் கூடாது. நல்ல தானே ஒட்டும் டோனரின் ரகசியம் அதுதான்.

அறை வெப்பநிலை என்பது ஊருக்கு ஊர் மாறும். பழைய செய்முறைகள் 20, 22 டிகிரி அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் அறை 32 டிகிரி. அங்கே கஷ்டப்பட்டுப் படலமாகும் ரெசின் இங்கே சுலபமாகப் படலமாகிவிடும். ஆனால் அதே மென்மையால், மே மாதத்தில் அச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் சென்னைக்குக் கொஞ்சம் கெட்டியான ரெசின்தான் சரி.

ஈரக் காற்று? அதில் நிறைந்திருப்பது நீராவி. ஹைட்ரோகார்பன் ஆவி அல்ல. மாடியில் துணி காயாத மழைநாளிலும் இந்தத் திரவம் வழக்கம்போல் ஆவியாகும்.

வாங்க வேண்டியவை

கேரியர் திரவத்தைப் பற்றி, அதாவது துகள்கள் மிதக்கும் அந்த எண்ணெய் போன்ற திரவத்தைப் பற்றி, விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதுகாப்பு முழுக்க அதில் இருக்கிறது. தேவை ஐசோபாரஃபின் வகை: நிறமற்றது, மணம் குறைந்தது, மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாதது. எக்ஸான்மொபில் நிறுவனத்தின் ஐசோபார் வரிசை பிரபலம். இதில் ஜி ரகம் சீக்கிரம் காயும், ஆனால் அதன் தீப்பற்றும் புள்ளி (பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை) 40 டிகிரியை ஒட்டி வருகிறது. சென்னையில் மே மாத மதியம் அறையே அந்த அளவுக்குப் போய்விடும். அதைத் தொடவே வேண்டாம். எல் ரகத்துக்கு அது 60 டிகிரிக்கு மேல், நமக்கு அதுதான். எம் ரகம் 90-ஐ ஒட்டி வரும். இன்னும் பாதுகாப்பு, ஆனால் காய ரொம்ப நேரமாகும். பாரிமுனைப் பக்கத்து கெமிக்கல் கடைகளில் இதற்கு இணையான ஐசோபாரஃபின் கேட்கலாம். பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, தீப்பற்றும் புள்ளியைப் படித்துப் பார்த்தபிறகே பணம் கொடுங்கள். மண்ணெண்ணெய், மினரல் டர்பன்டைன் இரண்டும் வேண்டாம்: தீப்பற்றும் புள்ளி குறைவு, அரோமாட்டிக் பொருட்கள் ரெசினைக் கரைத்துவிடும், மணமும் தாங்காது.

நிறமிக்கு கார்பன் பிளாக். நீலம் வேண்டுமென்றால் தாலோசயனைன் நீலம்.

ரெசினுக்கு லாங் ஆயில் (எண்ணெய்ப் பங்கு அதிகமுள்ள) அல்கைட், ஆளிவிதை எண்ணெய் அடிப்படையிலானது. பெயின்ட் தயாரிப்பாளர்களுக்குச் சப்ளை செய்யும் டீலர்களிடம் 70 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும்.

சிர்கோனியம் ஆக்டோயேட் கொஞ்சம். பெயின்ட் தொழிலில் இதற்கு ட்ரையர் என்று பெயர். இது எனக்கு மிகவும் பிடித்த பொருள்: அல்கைட் இறுகத் துணைபுரியும், கூடவே துகள்களுக்கு மின்னூட்டம் கொடுக்கும் வேலையையும் செய்யும். ஒரே துளியில் இரண்டு வேலை. கோபால்ட் ட்ரையர் இன்னும் வேகமாகக் காயவைக்கும், ஆனால் உடல்நலத்துக்குக் கேடு; வீட்டில் தேவையில்லை.

பாலியெஸ்டர் ஃபிலிம் வாங்க ஸ்டேஷனரி கடைக்குப் போகாதீர்கள். பிரின்டருக்கான ஓஹெச்பி ஷீட்டுகளில் மின்னூட்டம் தங்காதபடி பூச்சு போட்டிருப்பார்கள். மோட்டார் வைண்டிங் கடையில் ‘மைலார்’ என்று கேளுங்கள். காயிலுக்கு இன்சுலேஷனாகப் போடும் அந்த ஷீட்டில் பூச்சு இருக்காது. 125 மைக்ரான் அளவு கையாளச் சுலபம்.

அப்புறம் சில்லறைச் சாமான்கள்: மூடியுள்ள கண்ணாடி பாட்டில், 3 மி.மீ. கண்ணாடி மணிகள், அலுமினியத் தகடு, விளிம்புள்ள எவர்சில்வர் தட்டு, பைண்டர் கிளிப், ஒயர், 9 வோல்ட் பேட்டரி இரண்டு, நைட்ரைல் கையுறை, சமையலறை கேஸ் லைட்டர். கூடவே, மூடிப்போன லெட்டர்பிரஸ் ஒன்றிலிருந்து ஒரு பெரிய ஈய எழுத்து. ராயப்பேட்டை, திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய அச்சகக்காரர்களிடம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. மரப் போஸ்டர் எழுத்து உதவாது, உலோகமாக இருக்க வேண்டும். ஈயத்தைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 1: செறிவு (நீர்க்காத கெட்டிக் கலவை) தயாரித்தல்

பாட்டிலில் கார்பன் பிளாக் 5 கிராம், அல்கைட் கரைசல் 12 கிராம், கேரியர் 60 மி.லி. இத்தனையும் போட்டு, பாதிக்கு மேல் மணிகளை நிரப்பி, உருளைகளின் மேல் மெதுவாகச் சுழலவிடுங்கள். ஒரு முழு இரவாவது சுழல வேண்டும். ஒரு நாள் என்றால் இன்னும் நல்லது. கையால் குலுக்கினால் போதாது. உலர் டோனர் துகள் 5 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும். அதற்கும் கீழே போனால் பொடி காற்றில் பறக்கும். திரவத்தில் பறக்கும் பிரச்சினை இல்லை என்பதால் 1 மைக்ரானுக்குக் கீழேயும் போகலாம். திரவ டோனர் எழுத்தின் விளிம்பு அத்தனை கூர்மையாக வருவதற்கு அதுதான் காரணம்.

அரைந்தபின் ஒரு துளியை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். கருப்பு சீராகப் பரவி, வெளியே நிறமில்லாத எண்ணெய் வளையம் மட்டும் நின்றால் சரி. நடுவில் கருங்குருணை தெரிந்தால் இன்னும் அரையுங்கள்.

படி 2: வேலைக் கரைசலும் குறி பார்த்தலும்

செறிவு 10 மி.லி., கேரியர் 200 மி.லி. திடப்பொருள் சுமார் 1 சதவீதம் வரும். சிர்கோனியம் ஆக்டோயேட் ஒரே ஒரு துளி; கலக்குங்கள். கூடுதலாக ஊற்றினால் திரவமே மின்சாரம் கடத்தத் தொடங்கி, படத்தின் மின்னூட்டத்தைக் கசியவிடும்.

துகளுக்கு நேர் மின்னூட்டமா எதிர் மின்னூட்டமா? சிர்கோனியம் பொதுவாக நேர் குறி தரும், ஆனால் நிறமியின் மேற்பரப்பைப் பொறுத்து மாறலாம், அதனால் பார்த்துவிடுவதே நல்லது. இரண்டு சிறு அலுமினியத் துண்டுகளை 1 மி.மீ. இடைவெளியில் பிளாஸ்டிக் துண்டு வைத்து நிறுத்துங்கள். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து, ஒயர்களை முதலில் தகடுகளில் மாட்டி, பிறகு கரைசலில் இறக்கி, ஐந்து நிமிடம் விடுங்கள். 18 வோல்ட்டில் துகள் ஒரு மி.மீ. கடக்க நிமிடக் கணக்கில் ஆகும். வெளியே எடுத்துத் தூய கேரியரில் அலசினால் ஒரு தகடு மட்டும் கருத்திருக்கும். பேட்டரியின் எதிர்முனையோடு (−) இணைத்த தகடு கருத்தால் துகள் நேர் மின்னூட்டம். இரண்டும் சமமாகக் கருத்தால் துகள்கள் சரியாக மின்னூட்டம் பெறவில்லை. இன்னொரு துளி சேர்த்துப் பாருங்கள்.

படி 3: மின்னூட்டப் படம்

இந்த வேலையை டோனர் இருக்கும் அறையில் செய்யக் கூடாது. கேஸ் லைட்டர் தீப்பொறி வேறு அறையில், திரவம் வேறு அறையில். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நேரத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபிலிம் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து மின்னூட்டம் நொடிகளில் கசிந்துவிடும். மே, ஜூனில் கடற்காற்று உள்ளே வருவதற்கு முன், முற்பகல் பதினொரு மணியை ஒட்டி, மேல்காற்று அடிக்கும்போது காற்று மிகவும் வறண்டிருக்கும். அதுதான் நல்ல நேரம். மற்ற மாதங்களில் ஏசி அறை. ஃபிலிமை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். விரல்ரேகை பட்ட இடத்தில் படம் வராது.

ஃபிலிமை அலுமினியத் தகட்டின் மேல் விரித்து, ஓரங்களில் பைண்டர் கிளிப் போடுங்கள். செல்லோடேப் வேண்டாம், அதன் பசை கேரியரில் கரையும். தகட்டை ஒயரால் தரையிணைப்புக்குக் கொடுங்கள். ஈய எழுத்தை முகம் கீழாக நிறுத்தி, லைட்டர் முனையை எழுத்தின் வாலருகே (இப்போது மேலே இருக்கும் அடிப்பக்கம்) கொண்டுபோய் சில முறை அழுத்துங்கள். ‘டக் டக்’ என்று பொறி எழுத்துக்குள் போகும். பிறகு எழுத்தைப் பிளாஸ்டிக் இடுக்கியால் நேராக மேலே தூக்குங்கள். இழுத்தால் படம் கலைந்துவிடும்.

இப்போது ஃபிலிமில் எதுவும் தெரியாது. 1777-இல் ஜெர்மனியின் லிக்டன்பர்க் கண்டது இதே நிகழ்ச்சியைத்தான்: பொறி பட்ட பிசின் தட்டில் தூசி படிந்து மரக்கிளை போன்ற உருவங்கள் எழுந்தன. கார்ல்சனின் கண்டுபிடிப்புக்கு வேர் அங்கே இருக்கிறது.

படி 4: டெவலப் செய்தல்

எவர்சில்வர் தட்டில் நன்றாகக் கலக்கிய கரைசலை ஊற்றுங்கள். 1 மி.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் துண்டுகளை நான்கு மூலையிலும் வையுங்கள். தகட்டையும் தட்டையும் ஒயரால் இணைத்துவிட்டு, ஃபிலிம் பக்கம் கீழே பார்க்கும்படி, சாய்வாக ஒரு ஓரத்திலிருந்து இறக்குங்கள். சாய்க்காவிட்டால் காற்றுக்குமிழி சிக்கி வெள்ளைப் புள்ளி விழும்.

கீழ்நோக்கி வைப்பதில் இரண்டு நன்மை. தானாக அடியில் படியும் துகள்கள் படத்தின் மேல் விழாது. மேலும், எதிரே உலோகத் தட்டு இருப்பதால் மின்புலம் நேராக நிற்கும். இந்த எதிர்த்தகடு இல்லாமல் முக்கினால் எழுத்தின் விளிம்பு மட்டும் கருத்து நடுப்பகுதி வெறுமையாக நிற்கும், ஏனென்றால் மின்புலம் விளிம்பில்தான் வலுவாக வெளியே நீள்கிறது. இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள். ‘அ’ எழுத்தின் சுழி ஒன்றில் கோடுகளாகவும் மற்றொன்றில் நிரம்பியும் வரும். மின்புலத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பதினைந்து வினாடி போதும். எடுத்ததும் வேறொரு தட்டில் உள்ள தூய கேரியரில் மெதுவாக ஒருமுறை அலசுங்கள். இந்த அலசலைத் தவிர்க்கவே கூடாது. பின்னணிச் சாம்பல் நிறமும், துகளில் ஒட்டாமல் திரவத்தில் கரைந்து நின்ற அல்கைட்டும் இதில்தான் போகும். செங்குத்தாக நிறுத்தி வடியவிடுங்கள்.

கவனித்துப் பார்த்தால் எழுத்தைச் சுற்றி ஒரு விளிம்புப்பூ இருக்கும். லைட்டர் பொறி நேர் மின்னூட்டம் படிந்த இடத்தில் கிளைவிட்ட நீண்ட கோடுகள். எதிர் மின்னூட்டத்தில் குட்டையான உருண்டை விசிறிகள். உங்கள் டோனர் இவற்றில் எதிர்க்குறி உள்ளதை மட்டும் கருப்பாக்கும். படி 2-இல் பார்த்த குறி சரிதானா என்று இங்கே தெரிந்துவிடும்.

படி 5: காய்தலும் சோதனையும்

ஃபிலிமில் எல் ரகக் கேரியர் காய, காற்றோட்டத்தில் கால் மணி முதல் அரை மணி ஆகும். மின்விசிறி போதும், ஹேர் டிரையர் வேண்டாம். காகிதத்தில் அச்சு வேண்டுமென்றால் ஃபிலிம் ஈரமாக இருக்கும்போதே பூச்சில்லாத மேப்லித்தோ தாளை வைத்து ரப்பர் ரோலரால் அழுத்துங்கள். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழும். ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும் தாள்களில் பளபளப்பானவை இதற்கு ஆகாது. திரவத்தைக் குடிக்காத தாளில் எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஒரு மணி நேரம் கழித்து விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். விரல் கருக்கக் கூடாது. ஒரு நாள் கழித்து ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். தாளில் உள்ள அச்சு நன்றாகவே நிற்கும். ஃபிலிமில் உள்ளது செல்லோடேப் சோதனையில் ஓரளவு உரிந்து வரும், பாலியெஸ்டரில் பிடிமானம் அவ்வளவுதான்.

துடைத்த துணியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய், அல்கைட் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், ஆக்சிஜனேற்றச் சூடு உள்ளேயே தேங்கி, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். நம் ஊர் வெயிலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றினால் அது கூவத்துக்குத்தான் போகும். பாட்டிலில் அசையாமல் வைத்தால் துகள் அடியில் படியும்; மேலே தெளிந்த கேரியரை அலசலுக்குத் திரும்பப் பயன்படுத்தலாம். அடிமண்டியைத் தகர டப்பாவில் சேர்த்துவைத்து, அபாயகரமான கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள்.

சரியாக வராவிட்டால்

படமே வரவில்லை என்றால் டோனரை மாற்றுவதற்கு முன் மின்னூட்டத்தைச் சந்தேகியுங்கள். பொறி கொடுத்த ஒரு ஃபிலிமை உடனே டெவலப் செய்யுங்கள். இன்னொன்றைப் பத்து நிமிடம் அறையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். முதலாவது நன்றாகவும் இரண்டாவது மங்கலாகவும் வந்தால் காற்றின் ஈரம் தின்கிறது. மூன்றாவதை அரை நிமிடம் தூய கேரியரில் முக்கிவிட்டுச் செய்யுங்கள். அதில் மட்டும் மங்கினால் கேரியர் அசுத்தமாகி மின்சாரம் கடத்துகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்த பாட்டிலைத் திறந்தால் உள்ளே நீர் வியர்க்கும், அந்த நீர் ட்ரையரோடு சேர்ந்து இதே கோளாறைத் தரும். பாட்டில் அறையிலேயே இருக்கட்டும், மூடி இறுக்கமாக.

பின்னணி முழுக்கச் சாம்பலாக வந்தால் வேலைக் கரைசலில் ஊற்றும் செறிவைப் பாதியாக்குங்கள், அலசலைக் கூட்டுங்கள். எழுத்து காய்ந்தும் பொடியாக உதிர்ந்தால் அல்கைட் போதவில்லை. அடுத்த அரைப்பில் 12 கிராமை 15 ஆக்குங்கள். இரண்டு நாளாகியும் பிசுக்கென்றிருந்தால் எதிர்ப்பக்கம் போங்கள்: அல்கைட்டைக் குறைத்து, ஆஃப்செட் மைக்கான ரோசின் வார்னிஷ் கொஞ்சம் சேர்த்தால் படலம் கெட்டிப்படும். கோடைக்கு ஒரு கலவை, மார்கழிக்கு ஒரு கலவை என்று இரண்டு பாட்டில் வைத்துக்கொள்வது என் வழக்கம். கோடைக் கலவையில் அடித்த அச்சுகளுக்கு இடையிலும் முதல் வாரம் பட்டர் பேப்பர் வைத்துத்தான் அடுக்குகிறேன்.